பன்னிரண்டு புள்ளி போட்ட வரைபடம்

செல்வலட்சுமியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு வாக்கியம் பிசகாமல் வந்து விழும்: 'திட்ட எல்லைக்குள் மேற்கொள்ளப்பட்ட மேற்பரப்பு ஆய்வில் தொல்லியல் எச்சம் எதுவும் காணப்படவில்லை.' பதினாறு வருடமாக அவள் எழுதி வருவது இதைத்தான். மில் கட்டுகிறோம், குவாரி வெட்டுகிறோம், குடோன் போடுகிறோம் என்று யார் கிளம்பினாலும், அந்த நிலத்தில் பழங்காலத்துப் பொருள் ஏதும் புதைந்திருக்கிறதா என்று ஒரு ஆள் நடந்து பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். அனுமதி கேட்டு அரசாங்கத்துக்குப் போகிற காகிதக் கட்டுக்குள் அதுவும் ஒன்று. கட்டு தடிமனாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த அறிக்கையிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

தொல்லியலில் எம்.ஏ. படித்தவள். படித்த கையோடு இரண்டு அகழாய்வுகளில் தினக்கூலிக்கு மேற்பார்வை பார்த்தாள். நிரந்தர வேலை வரும் வரும் என்று பரீட்சை எழுதி எழுதியே வயது வரம்பைத் தாண்டினாள். அதற்குப் பிறகு மதுரையில் இருக்கும் ஒரு ஆலோசனை நிறுவனம் கூப்பிடும்போதெல்லாம் போய் நிலத்தைப் பார்த்து எழுதிக் கொடுப்பது என்றாகிவிட்டது. அவள் எழுதியது பொய் என்று சொல்லிவிட முடியாது. நூறு ஏக்கரை அரை நாளில் நடந்து முடி என்றால், யானை செத்துக் கிடந்தாலும் கண்ணில் படாது. ஒரே ஒரு தடவை ஒரு குவாரி நிலத்தில் பானை ஓடுகளைப் பார்த்துவிட்டு அப்படியே எழுதினாள். நிறுவனத்து மேனேஜர் பிரேம்குமார் போன் போட்டு, 'சிதறிய ஓடுகள், முக்கியத்துவம் அற்றவை' என்று மாற்றச் சொன்னான். மாற்றிக் கொடுத்தாள். அன்றைக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் இறங்கிவிட்டது.

அறிக்கைகளை அச்செடுத்து ஸ்பைரல் போடுவது அவளுடைய வீட்டுக்காரர் ஐயாதுரை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஊரில் உள்ள வழக்கெல்லாம் அவர் மெஷின் வழியாகத்தான் போகும். எதையும் படிக்க மாட்டார். "படிச்சா தலவலி, படிக்காட்டி யாவாரம்" என்பார். அறிக்கையைப் படிக்காதவர் அவர் ஒருவர் மட்டுமில்லை என்பது செல்வலட்சுமிக்கு ஒரு தடவை ருசுவாயிற்று. தளவாய்புரத்துக் குடோனுக்காக எழுதியதில், பழைய கோப்பை வைத்து ஊர்ப்பெயரை மாற்றிக்கொண்டே வந்தவள், ஆறாம் பக்கத்தில் மட்டும் சேத்தூர் என்று பழைய பெயரை அப்படியே விட்டுவிட்டாள். ஒரு மாதம் கழித்துத்தான் தற்செயலாகப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அதற்குள் அனுமதி கிடைத்து, குடோனுக்குக் கூரையும் போட்டுவிட்டார்கள். எழுதுவதை ஒருத்தரும் படிப்பதில்லை என்று தெரிந்ததில் நிம்மதியும் இருந்தது, அவமானமும் இருந்தது. இரண்டில் எது கூடுதல் என்று அவள் பிரித்துப் பார்த்துக்கொள்ளவில்லை.

இப்படியே ஓய்வு பெற்றிருப்பாள். தேவதானம் பக்கம் ஒரு ஜவுளிப் பூங்காவுக்கு நிலம் பார்க்கச் சொல்லி ஆடி மாதத்தில் பிரேம்குமார் அனுப்பாமல் இருந்திருந்தால்.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. மழைக்கு மறுநாள் நடந்தால் மண் கழுவி ஓடுகள் தலைகாட்டும் என்பது தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரிந்த விஷயம். மேற்கே மலை தெளிவாக நின்றது. கம்பெனி வாங்கியிருந்த நிலத்தில் மேட்டுப் பக்கமாக எட்டு ஏக்கர் செவல் புஞ்சை இருந்தது. முள் முளைத்துவிடாமல் இருக்க அதை உழுது போடச் சொல்லி கம்பெனியே ஆள் விட்டிருந்தது. டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. வரப்பில் நின்று பார்த்தவளுக்கு ஒன்று கண்ணை உறுத்தியது. உழுத மண்ணுக்கு நடுவே அங்கங்கே பாய் விரித்த அகலத்துக்குப் புல் திட்டுகள் நின்றன. டிராக்டர் ஒரு திட்டை நெருங்கும்போது பின்னால் இருக்கும் கலப்பை மேலே எழும்பியது. திட்டைத் தாண்டியதும் இறங்கியது. முதலில் பாறை என்று நினைத்தாள். கிட்டே போய்க் கையை வைத்துப் பார்த்தாள். பாறை இல்லை.

ஓட்டியவர் பெயர் இருளப்பசாமி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். தேவதானத்துக்காரர். அக்கம்பக்கத்துப் புஞ்சைகளுக்கெல்லாம் அவர் டிராக்டர்தான்.

"ஏன் அண்ணாச்சி, அந்த எடத்துல மட்டும் கலப்பையத் தூக்குதிய?" என்று கேட்டாள்.

"அடியில தாழி கெடக்கு தாயி. கலப்பக் கொத்து பட்டா ஒடஞ்சிரும்லா."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கய்யா தூக்குனாரு, நான் தூக்குதேன். மாடு வச்சி உழுத காலத்துல மேழியத் தூக்குவாவ. இப்பம் லிவரு. அம்புட்டுத்தான்."

"இப்ப இது கம்பெனி நெலமாச்சே?"

"கம்பெனிக்கு நெலத்தத்தான வித்தாவ. உள்ள இருக்கவிய பத்திரத்துல கையெழுத்துப் போட்டாவளா?"

கேலியாகச் சொன்னாரா, கோபமாகச் சொன்னாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. "ஒண்ணே ஒண்ணு பாக்கலாமா?" என்று கேட்டாள். இருளப்பசாமி யோசித்தார். பிறகு இறங்கி வந்து, ஒரு திட்டின் ஓரத்தில் கையாலேயே ஒரு சாண் மண்ணை விலக்கினார். முதுமக்கள் தாழியின் தடித்த சிவப்பு விளிம்பு தெரிந்தது. கழுத்தைச் சுற்றிக் கயிறு மாதிரி ஒரு பட்டை, அதன் மேல் வரிசையாக விரல் அழுத்திய பள்ளங்கள். செல்வலட்சுமி தன் பெருவிரலை ஒரு பள்ளத்தில் வைத்தாள். சரியாகப் பொருந்தியது. சின்னக் கையாக இருந்திருக்க வேண்டும், அவள் கையைப் போல. பதினாறு வருடமாக எதுவும் காணப்படவில்லை என்று எழுதியவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

"இன்னும் எத்தன இருக்கு அண்ணாச்சி?"

இருளப்பசாமி மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டே, "எழுதப் போறியளோ?" என்றார். "இத வெளியாளுக்குக் காட்டுனது இல்ல. எழுதுனா என்ன ஆவும்?"

"எழுதிட்டா ஒருத்தன் தொட முடியாது. சட்டம் இருக்கு. ஆபீசர் வந்து பாத்து, இந்த எட்டு ஏக்கர விட்டுட்டுக் கட்டுன்னு சொல்லிருவாரு. எழுதாம விட்டாத்தான் ஜேசிபி வந்து அள்ளிட்டுப் போயிரும்."

"நெசந்தானா?"

"நான் சொல்லுதேன்ல."

அந்த 'நான்' எந்த நான் என்று அவளே அப்போது கேட்டுப் பார்த்திருக்கலாம். குவாரி அறிக்கையை ஒரு போனுக்கு மாற்றிக் கொடுத்த நான்தானே. ஆனால் அன்றைக்கு அவள் வேறு ஆளாகத்தான் நின்றாள். மனதார நம்பித்தான் சொன்னாள். இருளப்பசாமி அவள் முகத்தைச் செத்த நேரம் பார்த்தார். பிறகு டிராக்டரை அணைத்துவிட்டு, ஒவ்வொரு திட்டாகக் கூட்டிக்கொண்டு போனார்.

பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் ஜி.பி.எஸ். கருவியை வைத்துவிட்டு, அது நிதானத்துக்கு வரும் வரை பத்து நிமிடம் காத்திருந்தாள். அதுவும் போதாது என்று, சர்வே கல்லிலிருந்து டேப் பிடித்து தூரம் அளந்தாள். டேப்பின் மறுமுனையை இருளப்பசாமிதான் பிடித்தார். இழுத்துப் பிடிங்க, தொய்யக்கூடாது என்று அவள் சொல்லச் சொல்ல, குனிந்து தரையோடு வைத்து இழுத்துப் பிடித்தார். பொழுது சாய்ந்துவிட்டது.

"அம்புட்டுத்தானா அண்ணாச்சி?"

"இந்தப் புஞ்சையில அம்புட்டுத்தான்" என்றார்.

வழக்கமாகப் பதினோரு பக்கம் எழுதுகிறவள் இந்தத் தடவை நாற்பது பக்கம் எழுதினாள். பழைய கோப்பைத் திறக்கவே இல்லை. ஒவ்வொரு தாழிக்கும் எண், படம், விளிம்பின் அகலம், சர்வே கல்லிலிருந்து தூரம். கடைசியில் ஒரு வரைபடம். அதில் பன்னிரண்டு சிவப்புப் புள்ளிகள். ராத்திரியில் அதை எடுத்து எடுத்துப் பார்த்தாள். ஒரு முழம் கூடப் பிசகியிருக்காது என்று பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால்தான் இப்போது அவளுக்கு உடம்பு கூசுகிறது.

முறை என்ன என்றால், அறிக்கை முதலில் பிரேம்குமார் வழியாக, நிலத்தை வாங்கிய கம்பெனிக்குப் போகும். கம்பெனிதான் அதை அரசு அலுவலகத்துக்கு அனுப்பும். வேலை கொடுத்தவன் அவன், அறிக்கை அவனுடையது. பதினாறு வருடமும் அப்படித்தான் போயிற்று. அதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று அவள் யோசித்ததே இல்லை. இத்தனை வருடமும் மறைக்க அதில் ஏதாவது இருந்தால்தானே யோசித்திருப்பாள்.

பிரேம்குமார் சண்டைக்கு வருவான் என்று நினைத்து, என்ன பதில் சொல்வது என்று தாளில் குறித்துக்கூட வைத்திருந்தாள். அவனோ போனில் பாராட்டினான். "சூப்பர் மேடம். இதுதான் ரிப்போர்ட். கம்பெனியில எல்லாரும் உட்கார்ந்து படிச்சோம். அந்த மேப் மட்டும் தனியா பெரிய சைஸ்ல வேணும். லேமினேஷன் போட்டு மூணு காப்பி அனுப்புங்க."

கடையில் லேமினேஷன் மெஷின் சூடாகிக்கொண்டிருக்கும்போது ஐயாதுரை வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆபீஸ்ல வச்சிப் பாக்கவா லேமினேஷன் கேக்கான்? வெயில்லயும் மண்ணுலயும் வச்சிப் பாக்கிறவன்லா இதக் கேப்பான். போர் போடுறவன், லைன் இழுக்கிறவன்..."

"பதினாறு வருசத்துல இன்னைக்குத்தான் ஒருத்தன் என் ரிப்போர்ட்டப் படிச்சேன்னு சொல்லுதான். அது ஒங்களுக்குப் பொறுக்கலையா?" என்று எரிந்து விழுந்தாள். அவர் மூன்றையும் மெஷினுக்குள் விட்டார். ஓரத்தை அவளே கத்தரிக்கோலால் சீராக வெட்டினாள்.

இருபத்திரண்டு நாள் கழித்து, கம்பெனி அனுப்பிய அறிக்கையின் பேரில் நிலத்தை நேரில் பார்க்கத் தொல்லியல் துறை அலுவலர் வருகிறார் என்று கடிதம் வந்தது. செல்வலட்சுமி காலையிலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ராஜபாளையம் வழியாகக் கிளம்பினாள். தலைக்கு ஊற்றி நல்ல சேலை கட்டியிருந்தாள்.

மேட்டுப் புஞ்சை கண்ணுக்குத் தெரிந்ததும் வண்டியை நிறுத்தாமலேயே இறங்கப் பார்த்தாள். எட்டு ஏக்கரும் மேசை மாதிரி கிடந்தது. புல் இல்லை, திட்டு இல்லை, உழவுத் தடம் இல்லை. சரளை கொட்டி, ரோலர் விட்டு இறுக்கியிருந்தார்கள். ஓரத்தில் ஒரு ஜேசிபி நின்றது. பிரேம்குமார் குடை பிடித்துக்கொண்டு நின்று அவளைப் பார்த்துச் சிரித்தான்.

அலுவலர் ஓய்வு பெறப் போகிற வயதில் இருந்த மனிதர். கெட்டவர் இல்லை. "அனுமதி வாங்காம மண்ணத் தொட்டிருக்கீங்களே" என்று பிரேம்குமாரைக் கேட்கத்தான் செய்தார். "முள்ளு எடுத்து லெவல் பண்ணியிருக்கு சார். கட்டடம் ஒரு செங்கல் வைக்கலையே" என்றான் அவன். அலுவலர் அறிக்கையைப் பிரித்து, ஒன்றாம் புள்ளி எங்கே என்றார். செல்வலட்சுமி கருவியைப் பிடித்துக்கொண்டு நடந்து போய், இங்கே என்றாள். உட்கார்ந்து கரணையால் தோண்டினாள். சரளை. சரளைக்குக் கீழே வேறு எங்கிருந்தோ கொண்டுவந்து நிரப்பிய மண். முழங்கை ஆழம் போயும் ஒரு ஓட்டுத்துண்டு இல்லை. இரண்டாம் புள்ளி, மூன்றாம் புள்ளி. ஐந்தாவதில் கரணையைப் போட்டுவிட்டுக் கையாலேயே மண்ணை அள்ளிப் பார்த்தாள். பன்னிரண்டுக்கும் கூடவே நடந்து வந்தார் அந்த மனிதர். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது.

"போட்டோ இருக்கு சார்" என்று போனை நீட்டினாள்.

பிரேம்குமார் பையிலிருந்து ஒரு பழைய ஸ்பைரல் புத்தகத்தை எடுத்தான். பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தளவாய்புரத்துக் குடோன் அறிக்கை. ஆறாம் பக்கத்தில் மஞ்சள் தாள் ஒட்டி வைத்திருந்தான். "மேடம் நல்லவங்கதான் சார். வேலை ஜாஸ்தி. ஒரு ஊர்ல எடுத்தத இன்னொரு ஊர்ல போட்டுருவாங்க. இதப் பாருங்க, ஊர் பேரே மாறியிருக்கு." ஒருத்தரும் படிப்பதில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு. படித்திருக்கிறார்கள். வேண்டும் என்கிற அன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

அலுவலர் ஆறாம் பக்கத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஊரையே மாத்தி எழுதியிருக்கீங்க. போட்டோவ மட்டும் எப்படிம்மா நம்ப? நீங்க அளக்கும்போது கூட யாராவது இருந்தாங்களா?"

பக்கத்துப் புஞ்சையில் டிராக்டர் சத்தம் நின்றிருந்தது. கம்பெனிக்கு விற்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்ற ஒருவருடைய நிலம் அது. அங்கே இருளப்பசாமி டிராக்டரில் உட்கார்ந்தபடி இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்தால் வந்துவிடும் தூரம். கூப்பிட்டு என்ன சொல்வது? வாங்க அண்ணாச்சி, வந்து சொல்லுங்க, நான் பாத்துக்கிடுதேன் என்றா? அந்த வார்த்தையை இரண்டாம் தடவை அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"இல்ல சார். நான் மட்டுந்தான்" என்றாள்.

ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து அலுவலர் குறிப்பு எழுதினார். தொல்லியல் எச்சம் எதுவும் காணப்படவில்லை. அவளுடைய வாக்கியம்தான், ஒரு எழுத்து மாறவில்லை. உடன் இருந்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். போடாவிட்டால் பொய் அறிக்கை கொடுத்தவள் என்று மேலே எழுத வேண்டி வரும் என்று சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார். போட்டாள். இத்தனை வருடத்தில் அந்த வாக்கியம் முழு உண்மையாக இருந்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

ஜீப்பும் காரும் போன பிறகு, ஜேசிபி ஓட்டுகிறவர் அவளிடம் வந்தார். பெயர் சாம்சன். முப்பது வயதுக்குள் இருக்கும், மரியாதையான பிள்ளை. கையில் அந்த வரைபடம். "இது நீங்க போட்டதுதானாமே மேடம். குப்பையில போடச் சொன்னாவ. லேமினேஷன் போட்டிருக்கு, வீணாப் போவானேன்னு எடுத்து வச்சேன்."

எண்ணெய்க் கறை படிந்த விரல் தடங்கள். பன்னிரண்டு புள்ளிகளிலும் கறுப்பு மையில் டிக் அடித்திருந்தது.

"சும்மா சொல்லக்கூடாது மேடம், அம்புட்டும் கரெக்ட்" என்றார் சாம்சன். "மேப்ப வச்சிக்கிட்டு எறக்குனா, பக்கெட்டு நேரா அது மேலயே போய் ஒக்காருது. ஒண்ணுகூடத் தப்பல. ரெண்டாள் ஆழத்துக்குத் தோண்டி அள்ளிட்டுத்தான் ரொப்புனோம்."

"அள்ளுனது எங்க?"

"லாரியில ஏத்திட்டாவ. எங்கயோ பள்ளத்த மூடப் போயிருச்சி." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "மேப்பு மட்டும் இல்லன்னா எங்களுக்குக் கஷ்டம் மேடம். எட்டு ஏக்கரையும் அம்புட்டு ஆழத்துக்கு யாரு தோண்டுவா? மேலாலதான் நெரவி விட்டிருப்போம். அது பாட்டுக்கு அடியில கெடந்திருக்கும்" என்றார்.

"இத ஆபீசர்ட்ட வந்து சொல்லுவியளா?"

சாம்சன் தலையைக் குனிந்துகொண்டார். "வண்டி என்னுது இல்ல மேடம்."

பதினாறு வருடத்தில் அவள் எழுதியதை ஒரு புள்ளி விடாமல் படித்து, அப்படியே நடந்துகொண்ட ஆள் இவர் ஒருவர்தான். அந்த வரைபடத்தைச் சுருட்டப் பார்த்தாள். லேமினேஷன் விறைத்துக்கொண்டு சுருள மறுத்தது. அப்படியே கையில் பிடித்துக்கொண்டு வரப்பைத் தாண்டி இருளப்பசாமியிடம் போனாள். அவர் திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

"வாங்க மேடம்" என்றார் அவர். தாயி இல்லை.

"அண்ணாச்சி, எல்லாத்தையும் சரியாத்தான் எழுதுனேன்."

"சரியாத்தான் எழுதியிருக்கிய. தோண்டும்போது பாத்தம்லா."

"இப்படி ஆவும்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி. சத்தியமாத் தெரியாது."

"ஒங்கள ஒண்ணும் சொல்லல. டேப்புல ஒரு நுனிய நாந்தான பிடிச்சேன்."

செல்வலட்சுமி அழுதாள். அவர் மலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, உழவு பாதியில் நிற்கிறதே என்றுதான் முதலில் நினைத்தாள். மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. செத்த நேரத்தில் மழை வந்துவிடும். உழுகிறவன் இந்நேரம் பறக்க வேண்டும். அவரோ சாவியைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங் மேல் இரண்டு கையும் இருந்தன. ஒரு கண் அவள் மேலேயே இருந்தது.

எதற்காகக் காத்திருக்கிறார் என்று அப்போது விளங்கியது. 'இந்தப் புஞ்சையில அம்புட்டுத்தான்' என்று அன்றைக்கு அவர் சொன்னதும் இப்போதுதான் முழுதாகக் காதில் விழுந்தது. இந்தப் பக்கத்துப் புஞ்சையில் இன்னொரு தாழி இருக்கிறது. உழாத பாதியில் எங்கேயோ இருக்கிறது. அவள் நிற்கும் வரை அவர் உழ மாட்டார். எங்கே கலப்பை எழும்புகிறது என்று அவள் கண்ணுக்குக் காட்ட மாட்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது. நான் அப்படிப்பட்டவளா என்று கேட்கத் தோன்றியது. கையில் இருந்த வரைபடத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை.

"வாரேன் அண்ணாச்சி" என்றாள். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

வரப்பு வழியாக ஸ்கூட்டரை நோக்கி நடந்தாள். ரோட்டுக்குப் பாதி தூரம் போன பிறகுதான் பின்னால் டிராக்டர் உறுமிக் கிளம்பியது. பாரம் இழுக்கிற கனத்த சத்தம். ஒரு சால் போய்த் திரும்பியது. இன்னொரு சால். மூன்றாவதில், நடுவழியில், சத்தம் சட்டென்று லேசாகியது. கலப்பை மேலே எழும்பியிருக்கிறது. நாலைந்து நொடி. பிறகு மறுபடியும் மண்ணில் இறங்கிக் கனத்தது.

திரும்பினால் தெரிந்துவிடும். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. இத்தனை வருடப் பழக்கம். செல்வலட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும், முதல் காரியமாகப் பின்பக்கம் காட்டும் கண்ணாடியைத் தட்டி வேறு பக்கம் திருப்பிவிட்டு, அந்த இடம் எதுவென்று தெரிந்துகொள்ளாமலேயே கிளம்பினாள்.